எதுல இருபத்தேழு?

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் டிரைவரிடம் 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்க வேண்டியதே இல்லை. காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு போர்டு வந்துவிடும். 1/70. அடுத்த வளைவில் 2/70. இப்படியே எழுபது வரை. வாந்தி வருகிறவர்கள்கூட கணக்கோடு எடுக்கலாம். இருபதில் பேச்சு குறையும். நாற்பதில் எலுமிச்சம்பழம் கை மாறும். அறுபதில் காது அடைக்கும். எழுபதைப் பார்த்ததும் பஸ்ஸே ஒரு பெருமூச்சு விடும். சோளக்காடு வந்தாச்சு.

ரோட்டோர போர்டுகளை இந்தப் பக்கத்தில் நான் பாராட்டியதாக ஞாபகம் இல்லை. இந்த வாரம் பாராட்டுகிறேன். காரணம், அன்று சாயங்காலம் மேலே நண்பர் வீட்டில் நான் பார்த்த இன்னொரு போர்டு.

நண்பர் செம்மேட்டுப் பக்கம் மிளகு, காபி வாங்கி விற்கிறவர். சின்ன வியாபாரம்தான். மலையில் நாற்பது, ஐம்பது குடும்பங்கள் அவரிடம் மிளகு போடுகின்றன. முன்பணம் வாங்கினவர்கள் உண்டு, பாக்கி வர வேண்டியவர்கள் உண்டு. யாருக்கு எவ்வளவு என்கிற மொத்தக் கணக்கும் ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டருக்குள். மறுநாள் சந்தை. சந்தையன்றைக்குத்தான் எல்லாருக்கும் பட்டுவாடா.

நான் போனபோது மணி ஏழு. நண்பர் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. திரை முழுக்க ஒரே நிறம். நடுவில் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே மூன்று வரி.

''மத்தியானம் ஆஃப் பண்ணப் போனேனுங்க. அப்டேட் பண்ணிட்டு ஆஃப் பண்ணட்டுமானு கேட்டுச்சு. சரின்னுட்டேன். நாலரைக்கு 27 வந்துச்சு. அப்ப புடிச்சு இதேதான்.''

வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர். மிளகுக் கணக்குப் பார்க்க வந்தவர். ''என்னங்க சொல்லுது உங்க பொட்டி?'' என்றார்.

''இருபத்தேழு பர்சென்ட் ஆயிருக்குங்கய்யா.''

''எதுல இருபத்தேழு?''

நண்பர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். திரை யாரையும் பார்க்கவில்லை. புள்ளிகள் பாட்டுக்குச் சுற்றின.

*

வழக்கமாக இந்தப் பக்கத்தில் புத்தகமோ சினிமாவோ விமர்சனத்துக்கு வரும். இந்த வாரம் அந்த மூன்று வரிதான். சிரிக்காதீர்கள். உலகத்திலேயே அதிகம் பேர், அதிக நேரம், வேறு வழியே இல்லாமல் உட்கார்ந்து படிக்கிற உரைநடை அதுவாகத்தான் இருக்கும். இத்தனை பேர் படிக்கிற ஒன்றை யாருமே விமர்சிக்காமல் விட்டால் எப்படி?

எந்தக் கம்பெனியின் மென்பொருள் என்று சொல்லப் போவதில்லை. அவசியமும் இல்லை. செல்போன், டிவி பெட்டி, கார் வரைக்கும் எல்லாரும் எழுதுவது ஒரே மூன்று வரிதான். 'அப்டேட் செய்யப்படுகிறது. 27 சதவீதம் முடிந்தது. தயவுசெய்து அணைக்க வேண்டாம்.'

முதல் வரியைப் பாருங்கள். 'செய்யப்படுகிறது.' யார் செய்கிறார்கள்? தெரியாது. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று ஐந்து மார்க்குக்குப் படித்தோமே, அதற்கு நிஜ வாழ்க்கையில் என்ன உபயோகம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. செய்தவன் பெயரை மறைப்பதுதான் உபயோகம். 'நிறுவப்படுகிறது', 'மறுதொடக்கம் செய்யப்படும்', 'பிழை ஏற்பட்டது'. பிழை மழை மாதிரி தானாக ஏற்படுகிறது. யாரும் பிழை செய்வதில்லை.

தமிழில் வருகிற திரைகளுக்கு நான் எதிரி இல்லை. சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்த தன்னார்வலர்கள் நிறையப் பேர். அப்டேட்டுக்கு 'இற்றைப்படுத்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. இற்றை என்றால் இன்றைய. நேற்றையதை இன்றையதாக்குவது. அழகான சொல். ஆனால் சொல் அழகாக இருந்து என்ன? மூலத்திலேயே ஆள் இல்லாத வாக்கியத்தைத் தமிழாக்கினால் தமிழிலும் ஆள் இருக்க மாட்டார்.

இரண்டாவது வரிக்குப் பிறகு வருகிறேன். மூன்றாவது வரி: 'அணைக்க வேண்டாம்.' எவ்வளவு நேரத்துக்கு? சொல்லவில்லை. அணைத்தால் என்ன ஆகும்? சொல்லவில்லை. கரன்ட் போனால்? அதுவும் சொல்லவில்லை. கொல்லிமலையில் காற்று மழை நேரத்தில் மரம் விழுந்தால் லைன் போய்விடும். 'கரன்டைப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று நண்பருக்கு உத்தரவு போடுகிற அந்த வரியை எழுதினவர், கரன்ட் போகாத ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு தூர்தர்ஷன் ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' ஓடும்போது திடீரென்று படம் போய்விடும். ஒரு அட்டை வரும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' அப்போது திட்டித் தீர்த்தோம். இப்போது யோசித்தால் அது எவ்வளவு கண்ணியமான வாக்கியம்! இரண்டே சொல்லில் எல்லாம் இருக்கிறது. தடங்கல் என்று ஒப்புக்கொள்கிறது. வருந்துகிறது. 'வருந்துகிறோம்' என்பதில் ஒரு 'நாம்' இருக்கிறது. அந்தப் பக்கம் யாரோ மனுஷர்கள் இருக்கிறார்கள், திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக. மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பைக் கூட எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன தேதி, இன்னின்ன ஊர், காலை 9 முதல் மதியம் 2 வரை. சொன்ன நேரத்துக்கு வராது என்பது வேறு விஷயம். ஆனால் சொன்னதால்தானே 'ரெண்டு மணின்னீங்க, மூணாச்சு' என்று போன் போட முடிகிறது?

27 சதவீதத்துக்கு யாரிடம் போன் போடுவது?

*

இப்போது இரண்டாவது வரி. இந்த சதவீத விவகாரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1985-ல் பிராட் மையர்ஸ் என்பவர் கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் மாணவர். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை திரையில் இருந்தால் மனுஷர்களுக்கு அது பிடிக்கிறதா என்று சோதித்து ஒரு ஆய்வுக் கட்டுரை வாசித்தார். பிடிக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு ஆச்சு என்று தெரிந்தால் ஆசாமி நிம்மதியாக இருக்கிறான். நியாயமான விஷயம். கொல்லிமலை போர்டின் தத்துவமும் அதுதான்.

பிறகுதான் வில்லங்கம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹாரிசனும் கூட்டாளிகளும் 2007-ல் ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒரே நேரம் எடுக்கிற இரண்டு பட்டைகளில், கடைசியில் வேகம் பிடிக்கிற பட்டைதான் சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றுகிறது. 2010-ல் இன்னொன்று. பட்டைக்குள் கோடுகளைப் பின்பக்கமாக ஓடவிட்டால், காத்திருந்த நேரம் 11 சதவீதம் குறைந்த மாதிரி மனசுக்குத் தெரிகிறது. நேரம் குறையவில்லை. குறைந்த மாதிரி தெரிகிறது. அவர்கள் ஆராய்ச்சியாகத்தான் சொன்னார்கள். குற்றமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 'எவ்வளவு ஆச்சு?' என்று நாம் கேட்ட கேள்வி எப்போது 'எப்படிக் காட்டினால் இவன் சும்மா இருப்பான்?' என்று மாறியது?

அந்த 27 எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்டேட் என்பது ஒரே வேலை இல்லை. பொட்டலத்தைப் பிரிப்பது, பழைய கோப்புகளை ஓரம் கட்டுவது, புதியதை வைப்பது, பிரின்டர், திரை, கீபோர்டுக்கான டிரைவர்களைச் சரிபார்ப்பது, நடுவில் ஒன்றிரண்டு முறை அணைந்து எரிவது என்று பல வேலைகள். ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தில் இத்தனை பங்கு என்று எழுதினவர்கள் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது புது மெஷின். நம் வீட்டில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தின, சுற்றுகிற தட்டு வைத்த ஹார்ட் டிஸ்க். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை நகர்த்துகிற ஒரு கட்டம், அங்கே இரண்டு நிமிஷம் என்றால் இங்கே ஒன்றரை மணி நேரம். ஆக 27 என்பது நேரமும் இல்லை, தூரமும் இல்லை. யாரோ போட்ட மதிப்பீடு.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'கான்ட்ராக்ட் அக்கவுன்ட்ஸ்' என்று ஒரு பாடம் வரும். பாதி கட்டின கட்டடத்துக்கு எவ்வளவு லாபம் எடுக்கலாம் என்பதுதான் விஷயம். இன்ஜினீயர் வந்து பார்த்து, 'இவ்வளவு முடிந்திருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டால் அது சான்றளித்த வேலை. போடாதது சான்றளிக்காத வேலை. இரண்டையும் தனித்தனியாகத்தான் காட்ட வேண்டும். கால் பங்குகூட முடியாத கான்ட்ராக்டில் லாபம் என்று ஒரு பைசா எடுக்கக் கூடாது. கால் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு. பாதி தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் கைக்குப் பணம் வந்த விகிதத்தில். முழுசாக முடியும் வரை முழுசாக நம்பாதே என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். கம்ப்யூட்டர்காரர்களும் ஒரு செமஸ்டர் அதைப் படித்திருக்கலாம். அவர்கள் காட்டுகிற சதவீதம் முழுக்க சான்றளிக்காத வேலை. சான்றளித்த மாதிரி பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மலை போர்டில் சதவீதம் இல்லை, கவனித்தீர்களா? 19/70. எழுபதில் பத்தொன்பது. எண்ணிப் பார்க்கலாம். எதுல என்பது போர்டிலேயே இருக்கிறது. இரண்டு வளைவுக்கு நடுவே தூரம் கூடக் குறைய இருக்கும். லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றால் முப்பதாவது வளைவிலேயே அரை மணி போகும். அப்போதும் 30/70 பொய் ஆகாது. நாற்பது பாக்கி என்பது நாற்பது பாக்கிதான். பெரியவர் கேட்டது கணக்கு வாத்தியார் கேட்கிற கேள்வி. கீழ் எண் எங்கே?

சுற்றுகிற புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை சுற்றினால் வேலை நடக்கிறது என்று நம்புகிறோம். பல சமயம் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வேலை எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கும். புள்ளிகளைச் சுற்றவிடுகிற பகுதி தனி. அது பாட்டுக்குச் சுற்றும். இந்த மலைக்கு ஒரு கொல்லிப்பாவை உண்டு. சங்கப் பாடல்களிலேயே வருகிறாள். அழகான பெண் சிலை. அசைவாள், சிரிப்பாள், மயங்கிப் பக்கத்தில் போனவன் திரும்ப மாட்டான் என்பது மலையில் சொல்கிற கதை. நண்பர் அந்தப் புள்ளிகளையே மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

*

கேலி போதும். இதில் நிஜமான ஆபத்து ஒன்று இருக்கிறது.

அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? கூடாது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்கிற வைரஸ் உலகம் முழுக்கப் பாய்ந்தது. சுமார் 150 நாடுகள், லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்தில் ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின. கேரளாவில் வயநாட்டு மலைப் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாசம் முன்னாடியே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

சரி, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாமா? 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, சில பேருடைய டாக்குமென்ட், போட்டோ ஃபோல்டர்களையே அழித்துவிட்டது. சில நாளிலேயே வாபஸ் வாங்கி, சரி செய்து நவம்பர் 13-ல் மறுபடி வெளியிட்டார்கள். புகார் கொடுத்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்றது கம்பெனி. அந்த ஒருவருக்கு நூற்றுக்கு நூறு போச்சு.

2024 ஜூலை 19 இன்னும் பெரிய கூத்து. கிரவுட்ஸ்டிரைக் என்கிற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பின ஒரு சின்ன அப்டேட். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தப்பான அப்டேட்டை 78 நிமிஷத்தில் திருப்பி வாங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் படுத்த மெஷினை எழுப்ப, பல இடங்களில் ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் அதே வருஷம் ஜனவரி 9 அன்று வந்தது. கேபி 5034441 என்று ஒரு விண்டோஸ் 10 அப்டேட். நிறையப் பேருக்கு இறங்கவே இல்லை. திரையில் 80070643 என்று முடிகிற ஒரு பிழை எண். அதற்குப் பொதுவான அர்த்தம் 'நிறுவ முடியவில்லை'. ஆகா, எவ்வளவு உதவி! நிஜக் காரணம் என்ன தெரியுமா? டிஸ்க்கில் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிற மறைவான பகுதியில் 250 எம்பி இடம் காலியாக இல்லை. 'இடம் போதவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில், பிழையைச் சொல்கிற பகுதியிலேயே இருந்த பிழையால், வேறு எண்ணைக் காட்டிவிட்டது. இதை மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. தீர்வு? கறுப்புத் திரையில் கட்டளைகள் அடித்து டிஸ்க்கை நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். டைலர் கடையில் சட்டை இறுக்கமாக இருக்கிறது என்றால், 'இந்தாங்க கத்திரி' என்று கொடுத்த மாதிரி.

ஆபத்து என்று சொன்னது இதைத்தான். அப்டேட் அவசியம். அது சில சமயம் தப்பாகப் போகும் என்பதும் சகஜம். மருந்து மாதிரி. ஆனால் டாக்டர் 'எதுக்கு, எத்தனை நாள், ஒத்துக்காட்டி என்ன பண்ணணும்' என்று சொல்லாமல் வாயைத் திற என்று மட்டும் சொன்னால், அடுத்த தடவை ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள். 27-ல் ஒரு ராத்திரி மாட்டினவர் மறுநாள் செய்கிற முதல் வேலை, அப்டேட்டையே நிறுத்தி வைப்பது. அடுத்த வான்னாக்ரைக்கு அவர்தான் வாசலைத் திறந்து வைக்கிறார். மூன்று மோசமான வரிகள் பண்ணுகிற வேலை இது.

*

சரி, உங்கள் வீட்டில் நின்றுவிட்டால்? விண்டோஸ் வைத்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில், நின்றிருக்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். கேபினட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது. பழைய மெஷினில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆவது சகஜம். விடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி வையுங்கள்.

ஒன்றரை, இரண்டு மணி நேரமாக விளக்கும் அசையவில்லை, எண்ணும் அசையவில்லை என்றால் பென் டிரைவ், பிரின்டர், டாங்கிள் என்று பின்னால் செருகியிருப்பதையெல்லாம் கழற்றுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால்தான், பவர் பட்டனை விடாமல் பத்து விநாடி அழுத்தி அணைக்கலாம். 'அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறதே? இருக்கிறது. அவசரத்தில் அணைப்பது தப்பு. ஆனால் செத்த விளக்கை விடிய விடிய பார்த்துக்கொண்டிருப்பதிலும் புண்ணியம் இல்லை. பெரும்பாலும், மறுபடி போட்டதும் அதுவே பாதியில் நின்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படியும் வரவில்லை, சில தடவை முயன்று தோற்றது என்றால் பழுது பார்க்கும் திரை தானாக வரும். அங்கே கடைசி அப்டேட்டை நீக்குகிற வசதி இருக்கிறது. புதிய மெஷின்களில் அந்த நேரம் பார்த்து 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே எழுதி பீரோவில் வைப்பது உத்தமம்.

டவுன்லோடிலேயே நின்றால் சமாச்சாரம் சுலபம். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபி அளவுக்காவது வேண்டும். இருந்தும் நகரவில்லை என்றால் 'விண்டோஸ் அப்டேட்' சர்வீஸை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்பதில் இருக்கும் 'டவுன்லோடு' ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, சர்வீஸை மறுபடி ஓட விடுங்கள். அது அரைகுறையாக இறங்கின சரக்கு வைக்கிற கிடங்குதான். உங்கள் கோப்பு எதுவும் அங்கே கிடையாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுக்கிறவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்து வைத்தால், கேட்காமல் இறங்குவது பெரும்பாலும் நிற்கும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதற்கு அடுத்த 11 பழைய மெஷின்கள் பலவற்றில் முறைப்படி ஏறாது. அதாவது, 'புதுப்பித்துக்கொள்' என்று இத்தனை வருஷம் சொன்ன திரை, கடைசியில் 'உன் மெஷினையே புதுப்பித்துக்கொள்' என்கிறது. இந்த ஒரு வாக்கியம் மட்டும் எல்லாருக்கும் தெளிவாகப் புரிகிறது.

*

அன்று ராத்திரிக்கு வருகிறேன்.

எட்டு மணி வரை விளக்கு அவ்வப்போது மினுக்கியது. பிறகு நின்றுவிட்டது. நண்பரின் மனைவி ராகி தோசை போட்டுக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு நீள நோட்டையும் கொண்டுவந்து வைத்தார். ''பொட்டி வந்தா வரட்டும். வராட்டி நாளைக்கு ஜனங்ககிட்ட 27-னா சொல்லுவீங்க?'' என்றார். மிளகு எடை போட்ட அன்றன்றைக்கு அவர் கிறுக்கி வைத்த நோட்டு அது. தேதி, பேர், கிலோ. சில பக்கத்தில் மளிகைக் கணக்கும் உண்டு.

அதையும், டிராயரில் கிடந்த துண்டுச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக எழுத ஆரம்பித்தோம். இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கின பி.காம். அன்றைக்குத்தான் ஒரு குடும்பத்துக்கு உபயோகப்பட்டது. பெஞ்சில் இருந்த பெரியவர் கிளம்பும்போது தன் கணக்கை மட்டும் வாயாலேயே சொன்னார். போட்டது எத்தனை கிலோ, வாங்கின முன்பணம் எவ்வளவு, அதில் 500 ரூபாயை எந்தச் சந்தையில் திருப்பிக் கொடுத்தேன் என்று. எழுதிக்கொண்டோம்.

பத்தரை மணிக்கு நான் பவர் பட்டனை அழுத்தினேன். நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி போட்டோம். 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்று வந்தது. அங்கேயும் யார் என்று இல்லை. அரை மணிக்கு மேல் ஆயிற்று. பதினொன்றே காலுக்கு வழக்கமான திரை, முருகன் படம், மூலையில் மிளகுக் கணக்கு. எல்லாம் இருந்தது. என்ன காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சி டிரைவில் 2 ஜிபிகூட இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

முதல் வேலையாகக் கணக்கை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்தோம். இரண்டாவது வேலையாக நாங்கள் எழுதினதோடு ஒப்பிட்டோம். ஏழெட்டு இடத்தில் எங்கள் கணக்குத் தப்பு. சீட்டு தொலைந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் கம்ப்யூட்டர் தப்பு. பெரியவர் திருப்பிக் கொடுத்த 500 ரூபாயை நண்பர் ஏற்றவே இல்லை. நோட்டில் மளிகைக் கணக்குக்கு நடுவே இருந்தது.

காலையில் நண்பர் சந்தைக்குக் கிளம்பும்போது திரையில் மறுபடி ஒரு பெட்டி. அப்டேட் இப்போதா, பிறகா? என்னைப் பார்த்தார்.

''பண்ணத்தான் வேணும்,'' என்றேன். ''இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை. அதுக்கு முன்னாடி டிஸ்க்கைக் கொஞ்சம் காலி பண்ணுங்க.''

''எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லுமாங்க இந்தத் தடவை?''

சொல்லாது என்றேன். பிற்பகல் பஸ்ஸில் இறங்கினேன். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று போர்டுகள் வரிசை தப்பாமல் வந்தன. நாற்பத்து மூன்றில் பக்கத்து சீட்டுக் குழந்தை 'இன்னும் எவ்ளோப்பா?' என்று கேட்டது. அவர் ஜன்னலைக் காட்டினார்.